கல்லிற் கண்ட வன்னியனும் களரியிற் கண்ட வன்னியனும்

வன்னி நாட்டிற் பிறந்த குழந்தை பண்டாரவன்னியனை ஏட்டில் அறிவதற்கு முன்னரே மேடையில் அறிந்துவிடுகிறது. கோயில் திருவிழா இரவிலோ பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலோ வாளேந்திய வீரனொருவன் முன்னே வந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னே வஞ்சகச் சிரிப்போடு வேறொருவன் ஒதுங்கி நிற்கிறான். முன்னவன் பண்டாரவன்னியன், பின்னவன் காக்கை வன்னியன். ஆட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன் மறுநாட் காலையில் ஒரு தடியை ஒடித்து வாளாக்கிக்கொள்கிறான். விளையாட்டு நடைபெற வேண்டுமாயின் தோழருள் ஒருவன் காக்கை வன்னியனாக வேண்டும். அவ்வேடத்தை எவனும் விரும்பி ஏற்பதில்லை. கூட்டத்தில் இளைத்தவன் எவனோ அவன் தலையிலேயே அது சுமத்தப்படுகிறது.

கண்ணாற் கண்டதும் காதாற் கேட்டதும் மனிதனுடைய ஒழுக்கத்தை மாற்றுமோ என்னும் வினா மிகப் பழையது. கூத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்று அஞ்சிய பெற்றோர் அன்று இருந்தனர். திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் கண்டு அஞ்சுவோர் இன்று இருக்கின்றனர். கருவி மாறியதேயன்றிக் கவலை மாறவில்லை. இவ்வினாவுக்குப் பொதுப்படையாக விடை சொல்வதிலும், நம் மண்ணில் வாழ்ந்து மறைந்த ஒருவனுடைய வாழ்க்கையையும், அவன் மறைந்தபின் மேடை அவனுக்கு அளித்த மறுவாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஆகவே பண்டாரவன்னியன் வரலாற்றை முதலிற் காண்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, மேற்கில் மன்னாரும் கிழக்கில் திருகோணமலையும் எல்லைகளாக, அநுராதபுரப் பகுதி வரை பரந்து கிடப்பது வன்னிப் பெருநிலம். அடர்ந்த காடும், காட்டிடையே குளங்களும், குளத்தடியில் வயல்களும், வயலைச் சார்ந்த சிற்றூர்களுமாக அமைந்த நாடு அது. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுக்களாகப் பிரிந்து, வன்னியர் எனப்பட்ட தலைவர்களின் ஆட்சியில் அது நெடுங்காலம் இருந்தது. பறங்கியரும் பின்னர் ஒல்லாந்தரும் இத்தலைவர்களிடம் யானைகளைத் திறையாகக் கேட்டனர். வன்னியர் சில யாண்டு கொடுத்தனர். பல யாண்டு நிலுவை வைத்தனர். காடே அவர்களுக்குக் கோட்டையாக இருந்தமையின், திறையைத் தண்டுவது அந்நியர்க்கு எளிதாயிருக்கவில்லை. இறுதியில் 1782ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் படை நடத்தி வன்னியர் ஆட்சியை ஒடுக்கினர். அதன்பின் தோமஸ் நாகெல் என்னும் ஒல்லாந்த அதிகாரி முல்லைத்தீவிலிருந்து இந்நாட்டை நிருவகித்தான்.

1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்தனர். திருகோணமலையும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் அவ்வாண்டிலேயே அவர் வசமாயின; மறு ஆண்டிற் கொழும்பும் வீழ்ந்தது. கண்டி மாத்திரம் தன் மன்னனைக் கொண்டு தனித்து நின்றது. 1803இல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கண்டிமீது போர் தொடுத்தான். தலைநகரிற் புகுந்த ஆங்கிலப் படை நோயாலும் உணவின்மையாலும் நலிந்து, சூன் மாதத்தில் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. அந்நியர் வெல்லற்கரியர் அல்லர் என்னும் செய்தி நாடெங்கும் பரவிய காலம் அது. அக்காலத்தையே பண்டாரவன்னியன் பயன்படுத்திக்கொண்டான்.

இழந்த ஆட்சியை மீட்க நினைத்த அவன், கண்டியரோடு தொடர்பு பூண்டு படை திரட்டினான். 1803ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டை தாக்கப்பட்டது. அங்கே காவல் செய்த வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவன் எதிர்நிற்கமாட்டாது, தன் வீரருடன் படகேறி யாழ்ப்பாணம் சென்று சேர்ந்தான். வெற்றி பெற்ற வன்னியன் ஓரிடத்தே தங்கி மகிழ்ந்திருக்கவில்லை. அவன் படை வடபுலம் முழுவதும் பரவி, ஆனையிறவு வரையிற் சென்று, குடாநாட்டின் வாயிலையே தட்டிற்று. காட்டில் ஒளிந்து வாழும் சிறுதலைவன் என்று எண்ணப்பட்டவன், கடல்வழி வந்த வல்லரசைச் சில கிழமைகளேனும் கலங்கச் செய்தான். அவனுடைய பெருமைக்கு இந்நிகழ்ச்சியொன்றே போதும்.

ஆயின், போரின் துலாக்கோல் விரைவிலே சாய்ந்தது. செத்தெம்பர் மாதத்திற் கண்டி மன்னன் சிறீ விக்கிரம ராசசிங்கன் கொழும்பை நோக்கி வந்து, அங்வெல்லையில் ஆங்கிலேயரிடம் முறியடிக்கப்பட்டுத் திரும்பினான். வலிய துணையின் கை தளர்ந்தது. ஆங்கிலேயரோ யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்றிடங்களிலிருந்தும் படைகளை வன்னிக்குள் அனுப்பினர். முன்னர் படகேறிச் சென்ற டிறிபேர்க்கே இப்போது யாழ்ப்பாணப் படையை நடத்தி வந்தான். ஒற்றோபர் மாதம் 31ஆம் நாள் விடியற்போதில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் எதிர்பாராத நேரத்தில் வந்து தாக்கினான். வன்னியன் படை சிதறியது. அவ்விடத்தில் நாட்டப்பட்ட நினைவுக்கல், இன்ன நாளில் இன்னார் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று சுருங்கச் சொல்லி அமைகிறது. கொன்றதாக அக்கல் கூறவில்லை. அன்றே அவன் வீரமரணம் எய்தினான் என்போரும், அன்று தப்பிப் பல்லாண்டு போராடிப் புண்பட்டு 1811இற் பனங்காமத்தில் இறந்தான் என்போரும் ஆக ஆராய்ச்சியாளர் இரு திறத்தினர்.

கல்லில் உள்ள வாழ்க்கை இவ்வளவே. இனிக் களரியில் உள்ள வாழ்க்கையைக் காண்போம்.

மேடையிலே பண்டாரவன்னியனுக்கு நல்லநாச்சி என்னும் தங்கை உண்டு. அவளை மணக்க விரும்பிப் பெண் கேட்டு வருகிறான் காக்கை வன்னியன். அவன் விருப்பம் மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டவன் மனம் வெந்து, உறவாடிக் கெடுக்க முனைகிறான். அண்ணனைத் தனியிடத்துக்கு அழைத்து வெள்ளையன் கையிற் காட்டிக்கொடுக்கிறான். வீரம் தோற்கவில்லை, வஞ்சகமே வென்றது என்ற உணர்ச்சியோடு திரை விழுகிறது. இக்கதை ஊர் மேடைகளிற் பல வடிவங்களில் ஆடப்பட்டது. முள்ளியவளையைச் சேர்ந்த எழுத்தாளர் முல்லைமணி 1960களில் இதனைச் சிறந்த நாடகமாக்கி நூலாகவும் தந்தார். கடல் கடந்து தமிழகத்திலும் இக்கதை பரவியது, மு. கருணாநிதி இதனைப் பாயும் புலி பண்டாரக வன்னியன் என்னும் நாவலாக எழுதினார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. இப்போர் நிகழ்ந்த சில ஆண்டுகளுள், 1807இல், இலங்கை வரலாற்றை எழுதி வெளியிட்டவர் கோடினர் பாதிரியார். 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான கைநூல் எழுதியவர் இங்கே அரசாங்க அதிகாரியாயிருந்த லூயிஸ். இவ்விருவர் கூறும் போர்ச்செய்தியிலும் காக்கை வன்னியன் இல்லை. வேறோர் இடத்திலே அவன் இருக்கிறான். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலே, சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவனாக வருபவன் காக்கை வன்னியன். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுப் போர் நிகழ்ந்தது 1803இல். இரண்டுக்கும் இடையே நூற்றெண்பத்துநான்கு ஆண்டுகள் கிடக்கின்றன. பெயரும் ஒன்று, செயலும் ஒன்று. ஒரு காலத்துக் கதையிலே வந்த வஞ்சகன், மற்றொரு காலத்துக் கதையிலே வேடம் மாறாமற் புகுந்துவிட்டான் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதற்காக நாடகாசிரியரைக் குறை கூறுதல் தகாது. வரலாற்று நூலுக்கு இலக்கணம் வேறு. நாடகத்துக்கு இலக்கணம் வேறு. மூன்று திசையிலிருந்து வந்த படைகளை மேடையிற் காட்டல் அரிது. அங்வெல்லையில் மன்னன் பெற்ற தோல்வி ஒட்டுசுட்டானில் உள்ளவனை எவ்வாறு தாக்கியது என்பதைப் பாட்டிலும் வசனத்திலும் விளக்கல் அதனினும் அரிது. ஒரு பெண்ணும், மறுக்கப்பட்ட ஒரு காதலும், மறைந்து நிற்கும் ஒரு துரோகியும் கிடைத்துவிட்டாற் கதை தானே நடக்கும். தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் வெகுளியும் அழுகையும் ஓரிரவிலே பார்ப்போர் உள்ளத்திற் பொங்கிவிடும். பொங்கச் செய்தல் கலைஞன் கடன். பொங்கியது எங்கே பாய்கிறது என்பதே நாம் ஆராய வேண்டியது.

முதலில் நன்மையைச் சொல்வோம். ஆங்கிலேயர் ஆட்சியிலே பள்ளியிற் பயின்ற பிள்ளை, பிறநாட்டு மன்னர் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்பித்தது. தன் ஊர்க் காட்டிலே நடந்த போரை அறியவில்லை. அவ்வறியாமையைப் போக்குவதில் ஏட்டினும் மேடையே முந்தியது. பண்டாரவன்னியன் பெயரை ஊரார் எல்லாரும் அறிந்தமை பெரிதும் நாடகத்தின் பயனே. வவுனியாவில் அவனுக்குச் சிலை எழுந்தது. அவன் நினைவுநாளில் மலர்மாலை சாத்தும் வழக்கம் வந்தது. எழுத்தறியாத முதியவரும் தம் நாட்டுக்கு ஒரு வரலாறு உண்டென்று தலை நிமிர்ந்தனர். பார்த்தோருடைய செயலை மேடை மாற்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே மேடை காக்கை வன்னியன் என்னும் பெயரை ஒரு வசைச்சொல்லாக நம் நாவிலே வைத்துச் சென்றது. சங்கக்கடைத் தேர்தலிற் கட்சி மாறியவனும் காக்கை வன்னியன். காணிவழக்கிலே எதிர்ப்பக்கம் சாட்சி சொன்னவனும் காக்கை வன்னியன். இவ்வளவில் நின்றிருந்தால் வேடிக்கை என்று விடலாம். இந்நாடு 2009 வரையிற் பல்லாண்டு கொடும்போரில் அழுந்திக் கிடந்தது. அந்நாட்களில் ஒருவன்மேல் ஐயம் விழுதலே அவன் உயிருக்கு ஊறு செய்யப் போதுமானதாயிற்று. துரோகி என்ற சொல் விசாரணைக்கு முன்னே தீர்ப்பாக நின்றது. அச்சொல்லுக்கு ஒரு முகமும் ஒரு கதையும் ஏற்கெனவே மேடையிற் கிடைத்திருந்தன. பழி சுமத்துவோனுக்குச் சான்று தேடும் வேலை இல்லாது போயிற்று. பெயரைச் சொன்னாற் போதும், கேட்போர் மனத்திலே முழு நாடகமும் ஓடிவிடும். அப்பெயர் பட்ட வீட்டிலே தாய்மார் அழுத அழுகைக்குப் பிற்பாட்டுப் பாடுவோர் இலர்.

ஆனால் நாடகந்தான் அத்தீமையைச் செய்தது என்று முடிவு கூறுதல் அறிவுடைமையாகாது. பார்த்தவர் யாவரும் பார்த்தபடி நடப்பராயின் உலகம் என்றோ திருந்தியிருக்கும். இளமையில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்ட காந்தியடிகள், வாய்மையே வாழ்வென்று உறுதி பூண்டதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதே அரிச்சந்திரன் கதையை நம் நாட்டிலே காங்கேசந்துறை வி. வி. வைரமுத்து ஆயிரக்கணக்கான மேடைகளில் நடித்தார். மயான காண்டத்தைக் கண்டு கண்ணீர் விடாதார் இலர். ஆயினும் மறுநாட் சந்தையிலே படிக்கல்லின் நிறை கூடியதாகச் செய்தி இல்லை. ஒரே மழைதான் பெய்கிறது. வரம்பு கட்டிய வயலில் நீர் நிற்கிறது, கட்டாத தரையில் ஓடிவிடுகிறது.

பிறநாட்டாரும் இவ்விடத்தில் இருதலையாகவே மயங்கினர். யேர்மானியப் புலவர் கேதே 1774இல் வெர்தர் என்னும் காதற்றோல்வி நாவலை வெளியிட்டபோது, இளைஞர் கதாநாயகனைப் போல் உடுத்தத் தொடங்கினர். அவனைப் போலவே உயிரையும் விடுவர் என்று அஞ்சிய லைப்சிக் நகரார் 1775இல் அந்நூலையும் அவ்வுடையையும் தடை செய்தனர். 1938இல் அமெரிக்க வானொலியிற் செவ்வாய்க் கோளத்தார் படையெடுத்து வந்ததாக ஒரு நாடகம் ஒலிபரப்பானது. நாடே நடுங்கி ஓடிற்று என்று மறுநாட் பத்திரிகைகள் எழுதின. பிற்கால ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தபோது, அஞ்சியோர் சிலரே என்பதும் பத்திரிகைகளே அச்சத்தைப் பெருக்கிக் கூறின என்பதும் புலனாயின. கலையின் ஆற்றலை இல்லையென்பதும் தவறு. எல்லாம் அதுவேயென்பதும் தவறு.

அங்ஙனமாயின் அரிச்சந்திரன் பார்த்தோரை அவ்வளவாக மாற்றாதிருக்க, காக்கை வன்னியன் மாத்திரம் நம் வாயிலே ஒட்டிக்கொண்டது ஏன்? அரிச்சந்திரனைப் பின்பற்ற விரும்புவோன் தன்னையே மாற்றிக்கொள்ள வேண்டும். அது அரிய செயல், நாள்தோறும் இழப்புத் தரும் செயல். காக்கை வன்னியனைக் கண்டுபிடிக்க விரும்புவோன் தன்னை மாற்ற வேண்டுவதில்லை. அயலானைச் சுட்டினாற் போதும். நம்மைத் திருத்தச் சொல்லும் நாடகம் கண்ணீரோடு முடிந்துவிடுகிறது. பிறரைப் பழிக்க இடந்தரும் நாடகமோ வீடுவரை வருகிறது. மேடை மனிதன் கையைப் பிடித்து இழுப்பதில்லை. நமக்கு உவப்பானதொரு பெயரைத் தந்து, அப்பெயரைக் கொண்டு உலகைப் பார்க்கப் பழக்குகிறது. பார்வை பழகியபின் கை தானே அப்பக்கம் செல்கிறது.

இதனால் விளைந்த இழப்பு இன்னுமொன்று உண்டு. கற்சிலைமடுவிலே தோல்வி வந்தது ஏன் என்று வினவினால், காட்டிக்கொடுத்தான் என்னும் ஒற்றைச் சொல்லோடு நாம் அமைந்துவிடுகிறோம். துணையரசின் தளர்ச்சி, முப்புறப் படையெடுப்பு, விடியற்காலைத் திடீர்த்தாக்குதல் என்னும் காரணங்கள் திரைக்குப் பின்னே மறைந்துபோகின்றன. தோல்விக்கெல்லாம் துரோகியே காரணம் என்று கற்ற இனம், தன் திட்டத்தையும் தன் வலியையும் துணைவலியையும் ஆராயக் கல்லாது. வலியறிதலையும் காலமறிதலையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம், நம் வரலாற்றைப் படிக்கும்போது மாத்திரம் அவ்வதிகாரங்களை மூடிவைக்கலாமோ?

தடை செய்தல் இதற்கு மருந்தன்று. 1876இல் ஆங்கிலேயர் இந்தியாவிலே நாடகங்களை அடக்கச் சட்டம் இயற்றினர். நாடகம் சாகவில்லை, சட்டமே வசைக்கு இலக்காயிற்று. பண்டாரவன்னியன் நாடகம் தொடர்ந்து ஆடப்படல் வேண்டும். நம் அண்ணாவிமாரும் ஆசிரியரும் புதிய தலைமுறைக்கு அதனைப் பயிற்றல் வேண்டும். அதனோடு ஒரு சிறு கடமையையும் சேர்த்துக்கொள்ளலாம். நாடகம் பார்த்த மாணவரைக் கற்சிலைமடுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லிற் சொல்லப்பட்டது எது, களரியிற் சேர்க்கப்பட்டது எது என்று இரு நிரலாக எழுதச் செய்யுங்கள். வைபவமாலையிற் காக்கை வன்னியன் வருமிடத்தையும் காட்டுங்கள். கதையின் சுவை இதனாற் குறையாது. கண்ணகி கதையை ஊரூராக ஆராய்ந்து ஒப்பிட்டோரும் வற்றாப்பளைப் பொங்கலிலே கைகூப்பி நிற்கத்தானே செய்கின்றனர்?

பண்டாரவன்னியனுடைய பெருமை காக்கை வன்னியனுடைய சிறுமையைச் சார்ந்து நிற்பதன்று. துரோகி ஒருவன் இல்லாவிடினும் அவன் வீரனே. தன்னிலும் பன்மடங்கு வலிய பகையை, தோல்வி வரலாம் என்று அறிந்தும் எதிர்த்தமையே அவன் புகழ். ஊர் முற்றத்திலே தடிவாள் ஏந்தி விளையாடும் சிறுவருக்கு அப்புகழை நாம் கையளிப்போம். அவ்விளையாட்டில் இளைத்த பிள்ளையின் தலையிற் சுமத்தப்படும் வேடத்தை மாத்திரம் மெல்லக் களைந்துவிடுவோம்.